வாசலில் நின்று ஏசுவதும் குற்றம்தான்

விடியுமுன் போடிநாயக்கனூரில் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் பெண்களுக்கு, வாங்கிய கடனின் வாரத் தவணை தவறினால் என்ன நடக்கும் என்று தெரியும். வசூலுக்கு வருகிறவர் வாசலில் உட்கார்ந்துகொள்வார். தெருவே கேட்கும்படி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசுவார். அப்படிப் பேசிப் பேசியே ஓர் உயிரைச் சாவுக்குத் தள்ளினால், பேசியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கத்தான் வேண்டும்.

தற்கொலைக்குத் தூண்டுவோருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆம் பிரிவு 10 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஆத்திரத்தில் சொன்ன 'போய்ச் சாவு' தூண்டுதல் ஆகாது என்று 2002-இல் சஞ்சய் சிங் செங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அது நியாயமே. கடன் நிலுவையைக் கேட்டதற்காக வழக்கில் சிக்கிய ஒருவரை 2025 ஜனவரியில் விடுவித்தபோது, காவல்துறை தற்கொலைத் தூண்டுதல் பிரிவை எடுத்தோம் கவிழ்த்தோம் என்று போடுவதையும் அந்த நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் ஹரியானாவில் ஓர் இளம்பெண்ணை விடாமல் கேலிபேசி வதைத்தவர்கள் குற்றவாளிகளே என்பதை, உதே சிங் வழக்கில் 2019-இல் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரு நாள் கோபம் வேறு, நாள்தோறும் திட்டமிட்டு மானத்தை வாங்குவது வேறு. கொடுத்த கடனைக் கேட்க உரிமை உண்டு; ஏச உரிமை இல்லை.

குழுக் கடனில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் கூட வேலை செய்யும் பெண்களே அவள் வாசலுக்கு வந்து ஏசுகிறார்கள். நாளை சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தாம். அவர்களை அங்கே அனுப்பிய வசூல்காரர் பிடிபடாமல் தப்பிவிடுகிறார். விசாரணை அவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

கடனாளி உயிரை மாய்த்துக்கொள்ளும் முன் துன்புறுத்தப்பட்டது தெரிந்தால், கடன் கொடுத்தவரே தூண்டியதாகக் கருத 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் வழிசெய்தது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டமோ, சாவு வரை காத்திருக்கத் தேவையில்லாமல், மிரட்டி வசூலிப்பதையே சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அப்படியிருந்தும் புகாரோடு வருகிறவளை 'கடனை வாங்கினாயா இல்லையா' என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் சட்டம் எதற்கு? தேனி மாவட்டக் காவல்துறை முதல் புகாரிலேயே வழக்குப் பதிய வேண்டும். கைபேசி அழைப்புகளையும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளையும் அன்றே கைப்பற்ற வேண்டும். மனமுடைந்தவர்கள் பேசுவதற்கு 104, 14416 ஆகிய எண்கள் இருக்கின்றன. போடியில் ஜீப் புறப்படும் இடங்களிலும் கடன் வசூல் கூட்டம் நடக்கும் தெருக்களிலும் அவற்றை எழுதிவைக்கும் வேலையை நகராட்சி இந்த வாரமே செய்யலாம்.