"நிரந்தர முகவரி" என்ற ஒரு கட்டம்



ஊர் இளைஞர்கள் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்புச் செய்யப் போகிறார்கள். நல்ல முயற்சி, அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வினாக்கொத்தைப் பார்த்துத் திருத்தித் தரும்படி ஆசிரியர்களாகிய எங்களிடம் தந்தார்கள். முதல் பக்கத்திலேயே "நிரந்தர முகவரி" என்று ஒரு கட்டம், ஏதோ ஒரு பழைய போமிலிருந்து அப்படியே எடுத்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த ஊரிலேயே இருந்து, அங்கேயே வாக்களித்து, அங்கேயே மௌத்தாகிறவருக்கு அந்தக் கட்டம் போதும். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய பிறகு, எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ உப்புக்குளத்திலோ அப்படி ஒரு குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். காணி இங்கே. பிள்ளைகள் படிப்பது புத்தளத்தில். வாப்பா கிழமையில் நாலு நாள் இங்கே கடலுக்குப் போகிறார், மற்ற நாட்களில் அங்கே. மூத்த மகள் கல்யாணம் முடித்துக் கல்பிட்டியில். இந்த வீட்டில் போய் முகவரி கேட்டால், "இந்தப் போம் எதுக்கு மகன்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வீட்டுத்திட்டம் என்றால் மன்னார். பள்ளிக்கூட அனுமதி என்றால் புத்தளம். பிறகு, "இவங்க ரெண்டு இடத்திலயும் பதிஞ்சிருக்காங்க" என்று சனத்தின் மேல் பழி வரும். ஐந்து கேள்வியை ஒரு கட்டத்துக்குள் அடைத்தவரை யாரும் கேட்பதில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. 1981 சனத்தொகைக் கணக்கெடுப்பில் மன்னார் மாவட்டத்தில் கால்வாசிக்கு மேல் நாங்கள். 2001 இல் வடக்கில் கணக்கெடுப்பு முழுமையாக நடக்கவில்லை. 2012 இல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அந்த எண் பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. வழமையாக வசிக்கும் இடத்தை வைத்து எண்ணினார்கள், புத்தளத்தில் இருந்தவர் புத்தளத்தில் எண்ணப்பட்டார். ஆனால் அதே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, "மன்னார் முஸ்லிம்கள் இவ்வளவு பேர்தான், மற்றவங்க வர விரும்பல்ல" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். விருப்பத்தை அங்கே யாரும் கேட்கவே இல்லை. வாக்காளர் இடாப்பு விஷயத்தில் சட்டம் இதை ஓரளவு விளங்கிக்கொண்டது. இடம்பெயர்ந்தவர் இப்போது வேறு மாவட்டத்தில் இருந்தாலும் பழைய ஊரில் பதிய 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் வழி விட்டது.

எனவே தம்பிமாரே, அந்தக் கட்டத்தை உடையுங்கள். 1990 ஒக்டோபரில் எங்கே இருந்தீர்கள்? போன மாதம் எத்தனை இரவு இந்த வீட்டில் தங்கினீர்கள்? வாக்கு எங்கே? பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? காணி எங்கே, உறுதி யார் பெயரில்? ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு உண்மையான விடைதான் இருக்கும், யாரும் யோசித்துச் சொல்லத் தேவையில்லை.

"குடும்பத்தில் எத்தனை பேர்?" என்பதும் அப்படித்தான். 1990 இல் போகும்போது ஒரு குடும்பம். திரும்பி வரும்போது மக்கள் நாலு பேரும் கல்யாணம் முடித்து நாலு குடும்பம், காணி அதே இருபது பேர்ச். மூத்தவர் முழு எண்ணிக்கையையும் சொல்வார், இளையவர் தன் வீட்டை மட்டும் சொல்வார், இரண்டும் ஒரே தாளில் கூட்டப்படும். "ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். சமையலறையில் நிற்கிற உம்மாவுக்கு அது உடனே விளங்கும். அந்தக் கேள்வியை அவரிடமே கேட்க வேண்டும், திண்ணையில் இருக்கிற ஆம்பளைகளிடம் அல்ல.

"மீளக்குடியேறிவிட்டீர்களா? ஆம் / இல்லை" என்ற கேள்வியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன வாப்பா எதில் புள்ளடி போடுவார்? இந்த மாதிரிக் கோடுகளால் பட்டது போதும். 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் "பழையவர்", பின் என்றால் "புதியவர்" என்று பிரித்தார்கள். போர் முடிந்து உதவி வந்தபோது, பதினெட்டு வருஷம் முகாமில் இருந்தவர்கள் பழையவர் பட்டியலில் பின்னால் நின்றார்கள். "இடம்பெயர்ந்தீர்களா", "வெளியேற்றப்பட்டீர்களா" என்ற சொல்லையும் யோசியுங்கள். ஷெல்லுக்குப் பயந்து ஓடினதும், இத்தனை நாளைக்குள் போ என்று சொல்லி அனுப்பினதும் ஒன்றல்ல.

வயது போனவர்களிடம் வருஷம் கேட்டுத் தொல்லைப்படுத்தாதீர்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலுக்கு முந்தியா பிந்தியா, '90 இல் என்ன வகுப்புப் படித்தீர்கள், சுனாமி நேரம் எந்த முகாமில் இருந்தீர்கள் என்று கேட்டால் அவர்களே கணக்குச் சொல்வார்கள். நிவாரணம், வீடு என்ற பேச்சையும் வாசலில் எடுக்காதீர்கள். எடுத்தால் விடை மாறிவிடும், யாருக்கும் எதுவும் கிடைக்கப்போவதும் இல்லை.

அச்சடிக்க முன் பத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஐந்து இங்கே, ஐந்து புத்தளத்தில் தில்லையடிப் பக்கம். எந்தக் கேள்விக்கு "என்ன கேக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்களோ, அதைத் திருத்துங்கள். புத்தளத்தில் இருந்து இதை வாசிக்கிற உறவுகளே, உங்களிடம் யாராவது கேட்டு, விடை சொல்ல முடியாமல் போன கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். வினாக்கொத்து இன்னும் அச்சுக்குப் போகவில்லை.