நகரத்தைக் காணும் கண்கள்



மும்பையில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாகப் பெற்றோர் அடிக்கடி சொல்லுகிற ஒரு குறை உண்டு. "கல்லூரிக்குப் போகிற பிள்ளை புத்தகத்தை விட்டுவிட்டுக் கேமராவும் கையுமாகத் தெருத்தெருவாய் அலைகிறான். இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளோ, "எங்கள் ரசனை இவர்களுக்கு விளங்கவில்லையே" என்று முகம் வாடுகிறார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் சற்றே அறிந்துகொள்ளும்படி இம்மாதம் இதைக் குறித்துச் சிந்திப்போம்.

1838-ஆம் ஆண்டு பாரிஸ் பட்டணத்தில் தாகேர் என்பவர், உயரமான ஒரு ஜன்னலிலிருந்து கீழேயுள்ள பெரிய வீதியைப் படம் எடுத்தார். குதிரை வண்டிகளும் ஜனங்களும் நெருக்கியடித்துச் செல்லுகிற வீதி அது. ஆனால் படத்தில் வீதி வெறுமையாய்க் கிடந்தது. காரணம் என்ன? அந்நாட்களில் ஒரு படம் பதிவாவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ஓடிக்கொண்டிருந்த எதுவும் தகட்டில் பதியவில்லை. ஓரத்தில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு தம் பாதரட்சைக்கு மெருகு போடக் கொடுத்து நின்றார். அவரும், அவர் காலடியில் வேலை செய்தவரும் மாத்திரமே படத்தில் விழுந்தார்கள். ஒளிப்படத்தில் முதன்முதலாகப் பதிவான மனிதர்கள் இவர்களே என்று சொல்லப்படுகிறது. தந்தி முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான மோர்ஸ், மறு ஆண்டு பாரிசில் அந்தப் படத்தைக் கண்டு வியந்து தம் சகோதரனுக்கு எழுதினார்.

எண்ணிப்பாருங்கள்! ஒரு பட்டணம் முழுவதும் ஓடிற்று. ஓடியவர் ஒருவரும் நிலைக்கவில்லை. நின்றவரும், நின்றவருக்குப் பணி செய்தவருமே நிலைத்தார்கள்.

இதன் மறுபக்கத்தை நம் நகரத்திலேயே காணலாம். பிரேசில் நாட்டில் பிறந்து, பொருளாதாரம் பயின்று, பின்பு புகைப்படக் கலைக்கு வந்தவர் செபாஸ்தியாவ் சல்காடோ. 2025-ஆம் ஆண்டு மறைந்த இவர், 1995-இல் நமது சர்ச்கேட் ரயில் நிலையத்தில் ஒரு படம் எடுத்தார். மூடுதிரையைச் சற்று நேரம் திறந்து வைத்தபடியால், ரயிலை விட்டு இறங்கிய திரள் தனித்தனி முகங்களாக அல்ல, வெள்ளம் போலப் பதிந்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் செல்லும் ஜனங்களைக் குறித்து 2000-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பெருந்தொகுப்பைச் சேர்ந்தது அப்படம். அந்த வெள்ளத்தில் தினந்தோறும் கலந்து செல்லுகிற நமக்கு அது அந்நியமான காட்சியா? காலை 8.20 வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதுண்டோ? இருபது ஆண்டுகள் ஒரே பெட்டியில் பிரயாணம் செய்தும், எதிரே அமர்ந்தவரின் பெயரை அறியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பெற்றோரே, உங்கள் பிள்ளை கேமராவைக் கையில் எடுக்கும்போது முதலாவது கற்றுக்கொள்வது நிற்பதைத்தான். வெளிச்சம் வரும்வரை நிற்க வேண்டும். ஒரு மனிதர் தம் இயல்புக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அவசரமே சட்டமாகிவிட்ட இந்த நகரத்தில் ஒரு வாலிபன் அரைமணி நேரம் ஒரு தெருமுனையைப் பொறுமையாய்ப் பார்த்து நிற்பானாகில், அது வீண்பொழுது அல்ல.

கல்லூரி மாணவியாய் இருந்தபோதே இதைக் கற்றவர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். 1913-இல் நவ்சாரியில் பார்சி குடும்பத்தில் பிறந்த ஹோமாய் வியாரவாலா, பம்பாயில் ஜே.ஜே. கலைக் கல்லூரியில் படித்தவர். மாணவியாய் இருந்த நாட்களில் பெண்கள் குழு ஒன்றின் உல்லாசப் பயணத்தைப் படமெடுத்தார். 'பாம்பே க்ரானிக்கிள்' பத்திரிகை அவற்றை வெளியிட்டுப் படத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தது. தம்மோடு படித்த தோழிகளையும், பம்பாய்த் தெருக்களின் அன்றாட வாழ்வையும் அவர் எடுத்த படங்கள் இன்று அக்காலத்துக்குச் சாட்சிகளாய் நிற்கின்றன. பெண்ணின் பெயருக்கு மதிப்பில்லாத நாட்கள் ஆகையால், ஆரம்பத்தில் அவருடைய படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரிலேயே வெளிவந்தன. நம் தேசத்தின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று பின்னாளில் அவர் போற்றப்பட்டார். 2011-இல் பத்ம விபூஷண் பெற்று, 2012-இல் மறைந்தார்.

அவரிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. புகழோடு இருந்தபோதே, 1970-இல் அவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். புதிதாய் வந்த படக்காரர்கள் சிலரின் மரியாதையற்ற நடத்தை அவருக்குப் பொறுக்கவில்லை. கலை பெரிதுதான், ஆனால் படத்தில் இருக்கிற மனிதரின் கனம் அதைவிடப் பெரிது என்று அறிந்தவர் அவர்.

இந்தக் கனத்தைக் குறித்து நமக்குள்ளேயே நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தின் மகன், வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். ஆரம்பத்தில் அவன் எடுத்ததெல்லாம் மரைன் டிரைவின் விளக்கு வரிசையும், சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் கோபுரமும்தான். அழகான படங்களே; 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நிலையத்தை யார் எடுத்தாலும் அழகாகவே வரும். "உன் தெரு எங்கே, தம்பி?" என்று அவனுடைய ஆசிரியர் கேட்டார். அதன்பின் அவன் ஒரு மாதம் விடியற்காலையில் எழுந்து தன் வீட்டையே பார்த்தான். தாய் மாவைக் கரண்டியால் அள்ளுவதையும், ஆவி நடுவே தகப்பன் அடுப்படியில் குந்தியிருப்பதையும், விடியுமுன் சைக்கிள்கள் பாத்திரங்களோடு புறப்படுவதையும் எடுத்தான்.

கல்லூரிக் கண்காட்சிக்கு அவற்றைக் கொடுக்கப் போகிறான் என்று அறிந்தபோது தகப்பன் கொதித்துப்போனார். "நம் வறுமையை ஊருக்குக் காட்டவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்றார். இரண்டு நாட்கள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மகன் எல்லாப் படங்களையும் அச்சிட்டுக்கொண்டுவந்து தகப்பன் முன்பாகத் தரையில் பரப்பினான். "அப்பா, இவற்றில் எதை வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள், வேண்டாம் என்றால் ஒன்றும் வைக்கமாட்டேன்" என்றான். தகப்பன் நெடுநேரம் பார்த்தார். அடுப்படியில் களைத்திருந்த தம் படத்தை ஒதுக்கினார். தேய்த்த சட்டையோடு சைக்கிளைப் பிடித்து நிமிர்ந்து நின்ற படத்தை எடுத்துக் கொடுத்தார். ஒதுக்கப்பட்ட படமே சிறந்தது என்று மகனுக்குத் தெரியும். ஆசிரியரும் அப்படியே சொன்னார். ஆயினும் அவன் தகப்பன் தெரிந்துகொண்டதையே தொங்கவிட்டான். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்று சுவரில் இருப்பது அந்தப் படம்தான். மற்றப் படத்தைத் தாய் கேட்டு வாங்கித் தன் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

வாலிபத் தம்பியே, தங்கையே, இதிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஏழையின் முகம் எவரும் இலவசமாய் எடுத்துக்கொள்ளும் பொருள் அல்ல. கேட்டு எடுங்கள். மொழி தெரியாவிட்டால் கேமராவை உயர்த்திக் காட்டிக் கண்களால் கேளுங்கள். தலையசைத்து மறுத்தால் புன்னகையோடு விலகுங்கள். குழாயடியில் குளிப்பவரையும், பிறர் பிள்ளைகளையும் ஒளிந்திருந்து எடுக்காதேயுங்கள். நன்றாய் வந்த படத்தின் ஒரு பிரதியை எடுக்கப்பட்டவருக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தம் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாத முதியவர்கள் இந்த நகரத்தில் அநேகர்.

மற்றொன்று, உயிரைப் பணயம் வைக்காதேயுங்கள். 2016 ஜனவரியில் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டின் பாறைகளில் செல்ஃபி எடுக்கப் போன ஒரு இளம்பெண் கடலில் விழுந்து இறந்தாள்; காப்பாற்றப் பாய்ந்தவரும் மாண்டார். அதன்பின் மும்பைக் காவல்துறை பல இடங்களைச் செல்ஃபி எடுக்கக் கூடாத இடங்களாகக் குறித்தது. ஓடும் ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டு எடுக்கும் படத்தைப் பார்த்து மகிழ வீட்டார் உங்களுக்கு வேண்டும். வீட்டாருக்கு நீங்கள் வேண்டும்.

செலவைக் குறித்துக் கலங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விலையுயர்ந்த கருவி இல்லாமலும் இந்தக் கலையைக் கற்கலாம்; கையிலுள்ள கைபேசியே தொடக்கத்துக்குப் போதும். காலாகோடாவில் 1952 முதல் இயங்கும் ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு சனிக்கிழமை பிள்ளையோடு நீங்களும் போய் வாருங்கள். படிப்பைப் புறக்கணித்தால் கண்டியுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் "என்ன எடுத்தாய், காட்டு" என்று வாரத்துக்கு ஒருமுறை கேளுங்கள். கேட்கிற பெற்றோருக்குப் பிள்ளைகள் படத்தை மட்டுமல்ல, மனதையும் காட்டுவார்கள்.

பிள்ளைகளே, உங்கள் படங்களைக் கைபேசியிலேயே புதைத்துவிடாதேயுங்கள். கருவி தொலைந்தால் பத்தாண்டுகளும் தொலைந்துபோகும். ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது அச்சிட்டு, பின்புறம் நாளும் இடமும் பெயரும் எழுதி வையுங்கள். தாராவியிலும் சயானிலும் நம் மூதாதையர் வந்து குடியேறிய ஆரம்ப நாட்களுக்கு எத்தனை வீடுகளில் படம் இருக்கிறது? இன்று நீங்கள் குடியிருக்கும் சந்தும் சாலும் நாளை இடிக்கப்பட்டு, அங்கே உயர்ந்த மாடிகள் எழும்பக்கூடும். அப்பொழுது உங்கள் பிள்ளைகள், "தாத்தா எங்கே இருந்தார்?" என்று கேட்பார்கள். விரலால் சுட்டிக் காட்ட ஒரு படமாவது இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு மாலை, அவசரம் இல்லாத ஒரு மணி நேரம் உங்கள் தெருவில் நில்லுங்கள். எதிர் வீட்டாரின் முகத்தை ஏறிட்டுப் பாருங்கள்; பெயரைக் கேளுங்கள். படம் அதற்குப் பிறகு எடுக்கலாம்.