வெளிச்சம் போகட்டும், உயிர் போக வேண்டாம்!



ஆண்டு மலரில் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நான் எழுத வந்தது ஒரு பல்பைப் பற்றி. நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள் எரிகிற பல்பு. "இதுல கருத்துச் சொல்ல என்னப்பா இருக்கு?" என்று கேட்காதீர்கள். இருக்கிறது. குளத்து விளக்கு எரியாமல் போவது சின்னப் பிரச்சனை. டிரிப் ஆகிற சுவிட்சைக் கழற்றிவிட்டு அதை எரிய வைப்பது பெரிய குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்யச் சொல்லி நாளைக்கு நம்மிடம்தான் கேட்பார்கள்!

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். "பல்பு மாட்டுறதுக்கு மூணு வருசம் படிப்பாடா?" என்று மாமா கேலி பண்ணுவார். வீட்டு பல்பை யார் வேண்டுமானாலும் மாட்டலாம் மாமா. தண்ணீருக்குள் எரிகிற பல்புக்குப் படிப்பு வேண்டும்.

எப்படி என்று கணக்குப் போட்டே பார்ப்போம். குளங்களில் பல வருடமாக இருந்து வரும் பார்-56 விளக்கு 12 வோல்ட், 300 வாட். அப்படியென்றால் கரண்ட் 25 ஆம்பியர்! டிரான்ஸ்பார்மரிலிருந்து விளக்கு 20 மீட்டர் தூரம், கேபிள் 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் என்று வையுங்கள். போக வர 40 மீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.18 ஓம். 25 ஆம்பியரும் ஓடினால் 4.6 வோல்ட் வழியிலேயே காலி. "பல்பு மங்கலா எரியுது, மாத்து" என்பார்கள். பத்து பல்பு மாற்றினாலும் மங்கல்தான், ஏனென்றால் குறை கேபிளில். அதே கேபிளில் 24 வாட் எல்.இ.டி. போட்டால் 2 ஆம்பியர்தான் ஓடும். டிராப் 0.4 வோல்ட்டைத் தாண்டாது. ஓம் விதி பரீட்சைக்கு மட்டும் இல்லை நண்பர்களே!

பல்பு நிஜமாகவே போய்விட்டால்? மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்டரை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். குளத்துத் தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை. முறையாகப் பொருத்திய விளக்கின் பின்னால் உபரி கேபிள் சுருட்டி வைத்திருக்கும். முன் வளையத்தின் ஸ்குரூவைக் கழற்றினால் விளக்கைக் கரைக்கு மேலேயே தூக்கிவிடலாம். நல்ல பல்பின் ஃபிலமெண்ட் குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். ஷார்ட் என்று பதற வேண்டாம். திரும்ப மூடும்போது புது கேஸ்கட் போடுங்கள். கேஸ்கட்டில் மிச்சம் பிடித்தால் விளக்குக்குள் தண்ணீர் வரும். ஹாலஜன் விளக்கைக் கரையில் வைத்து எரியவிட்டுப் பார்க்காதீர்கள். அதைக் குளிர வைப்பது குளத்துத் தண்ணீர்தான்.

இதெல்லாம் கைவேலை. இனி வருவது மனசாட்சி வேலை.

போன கோடை விடுமுறையில் ஒரு வயர்மேன் அண்ணனுக்கு ஹெல்பராகப் போனேன். ஒரு விடுதியில் குளத்து விளக்கைப் போட்டாலே ஆர்.சி.சி.பி. டிரிப் ஆனது. அண்ணன் விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அப்போதும் டிரிப். டிரான்ஸ்பார்மரின் பிரைமரியைக் கழற்றியதும் நின்றது. பம்பு ரூமில் ஈரத் தரையிலேயே கிடந்த டிரான்ஸ்பார்மர் அது. மெக்கரில் பிரைமரிக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷன் சுத்தமாக இல்லை.

விடுதிக்காரர் சொன்னார்: "ராத்திரி பார்ட்டி இருக்குப்பா. அந்த சுவிட்சை எடுத்துட்டு டைரக்டா குடுத்துட்டுப் போ."

"குளத்தை வேணா மூடி வைங்க சார். இதை மட்டும் நான் செய்ய மாட்டேன்" என்றார் அண்ணன். அன்று எங்களுக்குப் பாதிக் கூலிதான். அந்த விடுதியில் பிறகு எங்களைக் கூப்பிடவும் இல்லை.

அண்ணன் செய்தது சரியா? நூற்றுக்கு நூறு சரி. "எம்.சி.பி. இருக்கே, அது பாத்துக்கும்" என்று சொல்பவர்கள் யோசிக்கட்டும். 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6000 மில்லி ஆம்பியர். மனிதனைக் காக்கும் ஆர்.சி.சி.பி.யோ 30 மில்லி ஆம்பியரில் விழும். இரண்டுக்கும் 200 மடங்கு வித்தியாசம்! அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், பிடித்த கம்பியை மனிதன் எவ்வளவு கரண்ட் வரை விட முடியும் என்று அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் தசை இறுகிவிடும். தரையில் இருப்பவன் கத்தவாவது செய்வான். தண்ணீரில் இருப்பவன் கையைக் காலை அசைக்க முடியாமல் முழுகுவான். பார்ப்பவர்கள் நீச்சல் தெரியாமல் செத்தான் என்பார்கள். அமெரிக்க மின்விதி 1968-இல் இந்த வகைப் பாதுகாப்பை முதன்முதலில் கட்டாயமாக்கியதே நீச்சல் குளத்து விளக்குக்குத்தான்!

ஐ.இ.சி. விதிப்படி குளத்துக்குள் 12 வோல்ட் ஏ.சி.க்கு மேல் கூடாது. அதுவும் மெயினோடு தொடர்பில்லாத தனி வைண்டிங் கொண்ட பாதுகாப்பு டிரான்ஸ்பார்மரிலிருந்து வர வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்பார்மரும் 12 வோல்ட் காட்டும், ஆனால் மெயினோடு உறவு அறுபடாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரைமரி பக்கம் இருக்கும் ஆர்.சி.சி.பி.க்கு செகண்டரியில் நடப்பது தெரியாது. ஈரம் ஏறி இரண்டு வைண்டிங்கும் தொட்டுக்கொண்டால் 230 வோல்ட் நேராகக் குளத்துக்குள் போகும். எச்சரிக்கிற ஆர்.சி.சி.பி.யையும் பிடுங்கி விட்டால் யார் தடுப்பது?

"கூலி போயிடுமே" என்பீர்கள். எனக்கும் கூலி தேவைதான், என் வீட்டுக்கு என்னைவிடத் தேவை. ஆனால் நம் படிப்புக்கு மரியாதை கேட்கிறோமே, அது எங்கிருந்து வரும்? சொன்னதைச் செய்ய ஆயிரம் பேர் கிடைப்பார்கள். செய்யக்கூடாததைச் 'செய்ய மாட்டேன்' என்று காரணத்தோடு சொல்பவன்தான் டெக்னீஷியன். ஆகவே தோழர்களே, டிரிப் ஆகிற சுவிட்சைத் திட்டாதீர்கள். அது ஏன் விழுகிறது என்று தேடுங்கள். கண்டுபிடிக்கும் வரை குளம் இருட்டாகவே இருக்கட்டும்!

— மின்னியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்