கண்ணாடிப் பழத்தில் ஒரு கறை

விருந்தினர் வந்தமரும் மண்டபத்தில், மேசையின் நடுவே தட்டு நிறையப் பழங்கள் இருக்கும். ஓடிவந்த குழந்தை ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு விழிக்கும். பெரியவர்கள் சிரிப்பார்கள். மெழுகிலும் களிமண்ணிலும் கண்ணாடியிலும் செய்த இத்தகைய பழங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவற்றுள் ஒன்றிலேனும் புழு துளைத்த அடையாளத்தைக் கண்டவர் உண்டா? அலங்காரத்துக்கென ஆனவை குற்றமற்றே இருக்கவேண்டும் என்பது உலக வழக்கு.

அவ்வழக்கை மீறி, அழுகிய பழங்களையே பல ஆண்டுகள் கண்ணாடியிற் செய்துவந்த ஒருவரைப் பற்றி இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ருடோல்ப் பிளாஷ்கா (1857 - 1939). அவருடைய தந்தையார் லியோப்போல்ட், 1822 இல், கண்ணாடி வேலைக்குப் பேர்போன பொஹீமியாவிற் பிறந்தவர். அக்குடும்பத்தாரின் குலத்தொழிலும் அதுவே. கண்ணாடியால் ஆபரணங்களும், கண்ணிழந்தோர்க்குச் செயற்கை விழிகளும் செய்து விற்றனர். பின்னர் தந்தையும் மகனும் ஜேர்மனியில் ட்ரெஸ்டன் நகரை அடுத்து வாழ்ந்து, கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடியில் உருவாக்கி நூதனசாலைகளுக்கு அனுப்பிவந்தனர்.

1886 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹாவாட் சர்வகலாசாலையைச் சேர்ந்த தாவரவியற் பேராசிரியர் ஜோர்ஜ் லிங்கன் குடேல் அவர்களைத் தேடிச் சென்றார். அவருக்கிருந்த சங்கடம் தாவரவியல் கற்பிப்போர் யாவரும் அறிந்ததே. செடியை அழுத்தி உலர்த்தினால் நிறமும் வடிவமும் போய்விடும். மெழுகிலும் காகிதக் கூழிலும் செய்தவையோ நுட்பமில்லாதவை. ஆகவே செடிகளைக் கண்ணாடியிற் செய்து தரும்படி வேண்டினார். இருவரும் தயங்கிப் பின் இசைந்தனர். முதலில் அனுப்பிய மாதிரிகள் நியூயோர்க் சுங்கச் சோதனையில் உடைந்துபோயின. ஆயினும் அந்தத் துண்டுகளின் அழகே போதுமாயிற்று. பொஸ்ரன் நகரச் சீமாட்டியரான எலிசபெத் வேயரும் அவர் மகள் மேரியும் செலவை ஏற்றனர். 1887 முதல் 1936 வரை நடந்த அவ்வேலையில், சுமார் 780 தாவர இனங்களைக் காட்டும் ஏறக்குறைய 4,300 உருவங்கள் பிறந்தன. 1895 இல் தந்தையார் இறந்தபின் மகன் தனியாகவே அதனைத் தொடர்ந்தார்.

அவர்களிடம் பெரிய யந்திரம் எதுவும் இருக்கவில்லை. மேசைமேல் ஒரு விளக்கு; காலால் மிதிக்கும் துருத்தி; சில சிறிய கருவிகள். துருத்திக் காற்றாற் கூர்மையாகும் சுடரில் கண்ணாடிக் குழாயையோ கோலையோ காட்டினால் அது பாகுபோல இளகும். அக்கணத்தில் ஊதியும் இழுத்தும் கிள்ளியும் உருவைக் கொணரவேண்டும். பிந்தினால் இறுகிவிடும், முந்தினால் வளையாது. நிறத்தை ஆதியில் தூரிகையால் தீட்டினர். பின்னாளில் ருடோல்ப் நிறக் கண்ணாடியைத் தாமே உருக்கி, தூளாக்கி, உருவின்மேற் படியவைத்துச் சூடாக்கி, ஒன்றோடொன்று கலக்கச் செய்தார்.

அறுபத்தைந்து வயதைக் கடந்த பின்னரே, 1924 முதல் 1932 வரை, அவர் நோயுற்ற கனிகளிற் கைவைத்தார். சாம்பல்நிறப் பூஞ்சணம் போர்த்த ஸ்ரோபெரி, தடித்துச் சுருண்ட பீச் இலை, நோய் தொற்றிய பேரிக்காய் முதலியவை அவர் கையில் உருவாயின. 2019 ஆம் ஆண்டில் ஹாவாட் இயற்கை வரலாற்று நூதனசாலை இவற்றைத் தனிக் காட்சியாக வைத்தது. பழத்தோட்டங்களைப் பாழாக்கும் நோய்களை மாணவர் கண்ணாற் கண்டு அறிவதற்கென்றே செய்யப்பட்டவை இவை. அழகிய பழத்தைச் செய்தால் காண்போரின் புகழ் கிடைக்கும். அழுகிய பழத்தையும் அதே பொறுமையுடன் செய்வதற்கு வேறொரு மனம் வேண்டும்.

அந்த மனம் எனக்கு இருக்கவில்லை என்பதை ஒருநாள் உணர்ந்தேன். சந்தையில் தேடிப் பொறுக்கிய மாசற்ற கனிகளையே வகுப்புக்குக் கொண்டுபோவது என் வழக்கம். கமக்காரர் ஒருவரின் மகன் எழுந்து, “ஐயா, எங்கள் வாழை இலைகளிற் கரும்புள்ளி விழுந்து காய்ந்துபோகிறது. குலையும் சிறுத்துவிட்டது. அது என்ன?” என்று கேட்டான். பரீட்சையில் வாழையின் பாகங்களைப் பிழையின்றி எழுதியவன் அவன். தந்தையின் தோட்டத்தைத் தின்றுகொண்டிருந்த நோயின் பெயரை அவன் அறியான். என்னாலும் உடனே சொல்ல முடியவில்லை. விசாரித்துச் சொல்வதற்குள் அவ்வருட விளைச்சலிற் பாதி வீணாயிற்று. குறை மாணவனுடையதன்று, நல்ல பழத்தை மட்டும் காட்டிய ஆசிரியனுடையது.

தம்மிடம் இரகசியக் கருவி ஏதோ இருப்பதாகப் பலர் எண்ணுவது பற்றி லியோப்போல்ட் 1889 இல் ஒரு கடிதத்திற் குறிப்பிட்டார். கருவி ஒன்றுமில்லை, கைப்பக்குவமே உண்டு. இத்தொழிலிற் சிறக்க விரும்புவோர் கண்ணாடியை நேசித்த நல்ல பூட்டனைத் தேடிக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. வேடிக்கையாகச் சொன்னாலும் அது உண்மையாயிற்று. ருடோல்புக்குப் பிள்ளைகள் இல்லை. தொழில் பழகிய சீடரும் இல்லை. 1936 இல் அவர் ஓய்ந்தபோது, தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கைப்பக்குவமும் ஓய்ந்தது.

ஆனால், மாணவர்களே, கைத்திறனுக்குத்தான் பூட்டன் வேண்டும். கூர்ந்து பார்ப்பதற்கு வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில், முற்றத்தில் விழுந்த மாம்பழம் ஒன்றை எறிந்துவிடாது ஒரு மூலையில் வையுங்கள். முதற்புள்ளி எங்கே தோன்றுகிறது, எப்படிப் பரவுகிறது என்று ஏழு நாள் பார்த்து, நாளுக்கொரு படம் வரையுங்கள். பெற்றோரே, பிள்ளை அழுகற் பழத்தோடு இருக்கிறானே என்று கோபியாதீர்கள். நாளை உங்கள் தோட்டத்தில் முதற்புள்ளியைக் காணப்போகிறவன் அவனே.