உயில் வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதிக்கும் தேர்தல்: அமெரிக்க வாக்காளர் எதைப் பார்த்து வாக்களிக்கிறார்?

அமெரிக்காவில் 2026 நவம்பர் 3-ஆம் தேதி நடைபெறும் இடைக்காலத் தேர்தல் என்றதும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆளுநர் பதவிகளுமே பேசப்படுகின்றன. அதே வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில், பெரும்பாலான வாக்காளர்கள் வேட்பாளரின் பெயரைக்கூட அறியாமல் கடந்து செல்லும் ஒரு பதவி சில மாநிலங்களில் இடம்பெறுகிறது. அதுதான் 'புரொபேட்' நீதிபதி பதவி. இறந்தவர் எழுதிவைத்த உயில் செல்லுமா, உயில் இல்லையெனில் சொத்தை யார் நிர்வகிப்பது, பெற்றோரை இழந்த குழந்தைக்கு யார் காப்பாளர், நினைவு மங்கிய முதியவரின் வங்கிக் கணக்கில் யார் கையெழுத்திடுவது என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் இவரே.

'புரொபேட்' என்ற சொல் இந்தியாவுக்குப் புதிதன்று. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ், ஓர் உயில் மெய்யானது என்று நீதிமன்றம் வழங்கும் சான்றுக்கு அதுவே பெயர். இங்கு அதை வழங்கும் நீதிபதிகள் நியமிக்கப்படுகிறார்கள். அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா, கனெக்டிகட், மெய்ன், ஒஹாயோ, மிச்சிகன் முதலிய அமெரிக்க மாநிலங்களில், தேர்தல் ஆண்டு வரும்போது, அந்த இருக்கையை விரும்பும் வழக்கறிஞர் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும்.

வேறு எந்தத் தேர்தலிலும் இல்லாத சங்கடம் அங்கே தொடங்குகிறது. சட்டமன்ற வேட்பாளர் சாலை போடுவதாகச் சொல்லலாம். வரியைக் குறைப்பதாகச் சொல்லலாம். நீதிபதி வேட்பாளர், தம் முன் வரக்கூடிய வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளிப்பேன் என்று உறுதி கூற இயலாது. நீதித்துறை நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. சர்ச்சைக்குரிய சட்டப் பிரச்சினைகளில் தம் கருத்தைச் சொல்வதற்கு இருந்த தடையை, மினசோட்டா மாநில வழக்கொன்றில் 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆயினும் உயில் நீதிமன்றத்தில் பெரும் கொள்கைப் பிரச்சினைகள் அன்றாடம் எழுவதில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையிலான வீட்டுச் சண்டையே அங்கு மிகுதி. எனவே வேட்பாளர், எத்தனை ஆண்டுகள் வழக்காடினார், எத்தனை உயில் வழக்குகளை நடத்தினார் என்று சொல்கிறார். அலுவலகத்தில் காத்திருப்பு நேரத்தைக் குறைப்பேன், படிவங்களை எளிமையாக்குவேன் என்கிறார். அதற்குமேல் சொல்ல அவரிடம் அதிகமில்லை. அலபாமாவில் கட்சியின் பெயரும் வேட்பாளர் பெயருக்கு அருகில் இருக்கும். ஓர் உயிலின் சாட்சிக் கையெழுத்தைச் சரிபார்ப்பதில் குடியரசுக் கட்சிக்கு ஒரு முறையும் ஜனநாயகக் கட்சிக்கு வேறு முறையும் உண்டா என்ற கேள்விக்கு யாரும் விடை சொன்னதில்லை.

நன்கொடை எங்கிருந்து வருகிறது?

பிரசாரத்துக்குப் பணம் வேண்டும். புளோரிடா மாநிலத்தின் ஹில்ஸ்பரோ கவுண்டியில் 2009-இல் உள்ளூர் நீதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஒரு வழக்கறிஞர், நன்கொடை கேட்டுத் தாமே கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார். நீதிபதி வேட்பாளர் நேரடியாக நிதி கேட்கக் கூடாது என்பது அம்மாநில விதி. அவருக்காக ஒரு குழு கேட்கலாம். அவர் தேர்தலிலும் தோற்றார், பகிரங்கக் கண்டனத்துக்கும் ஆளானார். பேச்சுரிமை பறிக்கப்பட்டதாக அவர் தொடுத்த வழக்கை 2015-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. வாக்குப்பெட்டியின் வழியாக வந்தாலும் நீதிபதி அரசியல்வாதி அல்லர் என்பது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்.

வேட்பாளர் கேட்டால் தவறு, அவருடைய குழு கேட்டால் சரி என்ற இந்த வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பது சிறிய கவுண்டிகளில் தெரியும். உயில் நீதிமன்றத் தேர்தலில் உண்மையான அக்கறை கொண்டவர்கள், அந்த நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞர்களே. நன்கொடை தருவோரில் அவர்கள் முன்னிற்பது இயல்பு. சொத்து நிர்வாகியையும் காப்பாளரையும் நியமிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் உள்ளது. உள்ளூர் வழக்கறிஞர்களே அப்பொறுப்புகளைப் பலமுறை பெறுகின்றனர். அவர்களுடைய கட்டணம் பெரும்பாலும் இறந்தவரின் சொத்திலிருந்தோ முதியவரின் சேமிப்பிலிருந்தோ கழிக்கப்படுகிறது. இதில் சட்டமீறல் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் தம் தாயின் காப்பாளராக நியமிக்கப்பட்டவர் நீதிபதியின் நன்கொடையாளர் பட்டியலில் இருப்பதைக் காணும் மகளுக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது.

பெருந்தொகைக்கு நீதிமன்றம் ஓர் எல்லை வகுத்துள்ளது. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நீதிபதியின் வெற்றிக்காக மாஸி நிலக்கரி நிறுவனத் தலைவர் சுமார் 30 லட்சம் டாலர் செலவிட்டார். பின்னர் அந்த நிறுவனத்தின் மேல்முறையீடு அதே நீதிபதி முன் வந்தது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சில நூறு டாலர் கொடுத்த உள்ளூர் வழக்கறிஞருக்கு அந்த அளவுகோல் பொருந்துவதில்லை.

காப்பாளர் நியமனம் எத்தகைய அதிகாரம் என்பதை உலகுக்குக் காட்டியது பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் வழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தின் புரொபேட் பிரிவு 2008-இல் பிறப்பித்த உத்தரவால் அவர் தம் பணத்தின் மீதும் வாழ்க்கையின் மீதும் இருந்த உரிமையை இழந்தார். 2021 நவம்பரில்தான் அது முடிவுக்கு வந்தது. அவருக்காக நீதிமன்ற வாயிலில் முழக்கமிட ரசிகர்கள் இருந்தனர். முதியோர் இல்லத்தில் இருக்கும் பெயர் தெரியாத மூதாட்டிக்கு அப்படி ஒருவரும் வருவதில்லை.

வழக்கறிஞர்தான் வேண்டுமா?

அலபாமாவின் 67 கவுண்டிகளில் பெரும்பாலானவற்றில் இப்பதவிக்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. கேட்பதற்கு வியப்பாக இருந்தாலும் இதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே இந்த நீதிபதி பாதி நிர்வாகி. ஆறாண்டுப் பதவிக்காலத்தில் நிலப் பத்திரங்களைப் பதிவு செய்வார், திருமணங்களைப் பதிவு செய்வார், கவுண்டியின் தலைமைத் தேர்தல் அதிகாரியாகவும் இருப்பார். மனநல பாதிப்புக்கு உள்ளானவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சிகிச்சைக்கு அனுப்பும் உத்தரவும் இவருடையதே. கடைசியாகச் சொன்ன இந்தப் பணிக்கேனும் சட்டப் பயிற்சி வேண்டும் என்பதே வழக்கறிஞர் வேட்பாளர்களின் வலுவான வாதம்.

ஆனால் சட்டம் தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதையும் அலபாமாவே காட்டியது. ஒரே பாலினத் திருமணத்தை 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அங்கீகரித்தபோது, அம்மாநிலத்தின் சில புரொபேட் நீதிபதிகள் யாருக்குமே திருமண உரிமம் வழங்குவதில்லை என நிறுத்திக்கொண்டனர். உரிமம் வழங்கக் கூடாது என்று இந்த நீதிபதிகளுக்கு 2016 ஜனவரியில் உத்தரவிட்ட மாநிலத் தலைமை நீதிபதி ராய் மூர், அதே ஆண்டு பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். இறுதியில் 2019-இல் உரிமம் என்ற முறையையே மாநிலம் கைவிட்டு, தம்பதியர் தரும் சான்றைப் பதிவு செய்வதோடு நீதிபதியின் வேலையை முடித்தது. சிலருக்கு மனசாட்சியே காரணமாக இருந்திருக்கலாம். மீண்டும் வாக்குக் கேட்க வேண்டியவர்கள் என்பதையும் மறந்துவிட முடியாது.

தேர்தலை ஆதரிப்போரின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நியமனம் என்றால் அதிகாரம் ஆளுநரின் கைக்குப் போகும். துக்க வீட்டிலிருந்து வருவோரை அலைக்கழிக்கும் நீதிபதியை உள்ளூர் மக்களே வெளியேற்ற தேர்தல் வழிசெய்கிறது. ஆனால் பல இடங்களில் எதிர்த்துப் போட்டியிட ஆளே இல்லை; அங்கே அந்த உரிமை காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

கனெக்டிகட் மாநிலம் நடுவழி ஒன்றைத் தேர்ந்தது. நிதி நெருக்கடியால் 117 புரொபேட் நீதிமன்றங்களை 2011-இல் 54 ஆகக் குறைத்தது. புதிதாக வரும் நீதிபதிகள் வழக்கறிஞர்களாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. தேர்தலை மட்டும் தொடவில்லை. அந்த நீதிமன்றங்களுக்கான நான்காண்டுத் தேர்தல்தான் இந்த நவம்பர் வாக்குச்சீட்டில் வருகிறது.

மெய்ன் மாநிலத்தின் கதை வேறு. அங்குள்ள 16 கவுண்டிகளிலும் புரொபேட் நீதிபதி பகுதிநேரப் பணியாளர்; மற்ற நேரத்தில் சொந்தமாக வழக்கறிஞர் தொழில் நடத்தலாம். இம்முறை வேண்டாம் என்று 1967-இலேயே வாக்காளர்கள் அரசமைப்புத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தனர். மாற்று நீதிமன்ற அமைப்பைச் சட்டமன்றம் உருவாக்கிய பிறகே திருத்தம் நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த அமைப்பு உருவாகவில்லை. நீதிபதிகள் வாக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.