காற்றை அளந்தோம், காத்திருப்போரை மறந்தோம்

குளிர்நாடுகளில் இலகு ரயில் தரிப்பிடங்களை எவ்வாறு அமைக்கின்றனர் என்று பேசத் தொடங்கினால், “பனி பெய்யாத மன்னாருக்கு அப்பேச்சு எதற்கு?” என வினவுவோர் உளர். இவ்வினாவே நம் நோயின் அறிகுறி. அந்நாட்டாரிடம் நாம் கற்கவேண்டியது வெப்பமூட்டியை அன்று, சிந்திக்கும் முறையையே.

கனடாவின் எட்மன்ரனில் 1978இலும் கல்கரியில் 1981இலும் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. அமெரிக்காவின் மினியாப்பொலிசில் 2004இல் திறக்கப்பட்ட பாதையிலோ, பயணி பொத்தானை அழுத்தினால் தலைக்கு மேலுள்ள வெப்பமூட்டி சிறிது நேரம் இயங்கும். எனினும், வீசும் காற்று உடற்சூட்டைக் கவர்ந்து செல்லுமிடத்துக் கூரையும் வெப்பமூட்டியும் மட்டும் போதா. காற்று வரும் திசையறிந்து மறைப்பு எழுப்புதல் வேண்டும். இடத்தின் வானிலையே அங்கு வரைபடத்தின் முதற்கோடு.

மன்னார்த் தீவின் வானிலை நாம் அறியாததா? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மணலை வாரி இறைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்க் காற்றோடு மழை சாய்ந்தடிக்கும். தலைமன்னார் வீதியோ தீவின் நீளப்போக்கில் வடமேற்காகச் செல்வது. ஆகவே வீதியை நோக்கி வாய் திறந்த தரிப்பிடம், வடபுறம் நின்றால் மணலையும் தென்புறம் நின்றால் மழையையும் எதிர்கொள்ளும். எவ்வூருக்கும் ஒரே அச்சில் மூன்று சுவரும் தகரக் கூரையும் வார்ப்பவர் இதனை எண்ணிப் பார்த்ததுண்டா?

1990இல் போரினால் நின்ற புகையிரதப் பாதை 2015இல் தலைமன்னார் வரை மீளத் திறக்கப்பட்டது. 2020இல் தம்பபவனியின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் கொள்ளளவோடு எழுந்தன. மின்சாரத்துக்காக அதே காற்றின் திசையும் வேகமும் நுணுகி அளக்கப்பட்டன. பேசாலையில் மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் தாய்க்காக அவற்றை அளந்தவர் எவர்?

செலவு மிகும் என்பர். சுவரைத் திசைமாற்றி எழுப்ப மேலதிகக் கல் வேண்டுமா? முழுச்சுவர் காற்றைத் தன் பின்னே சுழலச் செய்யும். துளைகளுள்ள மறைப்போ அதனைத் தணித்து அனுப்பும். நம் மூதாட்டியர் பனையோலை வேலியில் கண்ட உண்மை இது. அவ்வேலியைப் போன்ற துளைச்சுவரும், தாழ்ந்து நீண்ட இறவாரமும், கூடை வைக்கத் திண்ணையும் போதும்.

பொறியியல் பயிலும் நண்பர்களே, வரைபலகையை விரிக்குமுன் ஒரு நண்பகல் அவ்வீதியில் நின்று பாருங்கள். காத்திருப்போர் பட்ட வெயில் உங்கள் மேலும் படட்டும். கோடு தானே நேராகும்.