அடிக்கிற இடம் ஆஸ்பத்திரி அல்ல!



கசிப்புக்கு அடிமையான மகனை மீட்க, கினிகத்தேனையில் ஒரு தாய் காதுத்தோட்டை அடகு வைத்தார். "நல்லா அடிச்சுத் திருத்துற இடமாம் டீச்சர், அனுப்பப் போறேன்" என்றார்.

அடி திருத்துமென்றால், தலைமுறை தலைமுறையாக அடிவாங்கிய நம் லயங்களில் இன்று ஒரு குடிகாரனும் இருக்கக்கூடாதே!

கந்தகாட்டை மறந்துவிட்டோமா? 2022 ஜூனில் அந்தப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்தார். நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். இராணுவத்தினர் இருவரும் விமானப்படையினர் இருவரும் கைதாயினர். அரசாங்க இடத்திலேயே அந்த நிலை என்றால், பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நடப்பதை யார் கேட்பது?

நாம்தான் கேட்க வேண்டும். பல வருடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். ஆகவே முதலில் வைத்தியர், பிறகுதான் தங்கும் இல்லம்.

காசு கட்டுமுன் கேளுங்கள்: வைத்தியர் வருகிறாரா? ஆலோசனை தமிழிலா? பிள்ளையோடு தனியாகப் பேச விடுவார்களா? போதைப்பொருள் சிகிச்சை நிலையமென்றால், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் அனுமதிப்பத்திரம் எங்கே? மழுப்பினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்புங்கள். சபையின் 1927 இலக்கத்துக்குப் பேசுங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் சொல்கிறோம்: சிகிச்சைக்குப் போனவன் வேலையை விட்டு ஓடியவன் அல்ல. திரும்பி வந்தால் அவன் பேரை வெட்டாதே!

அந்தத் தாய் இப்போது மகனோடு நாவலப்பிட்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்வருகிறார். தோட்டை மீட்க வேண்டும். மகன் வீட்டில் இருக்கிறான்.